கண்ணு என்றால் எந்தக் கண்ணு?

எங்கள் அமுச்சி பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடும். லீவுக்கு ஐந்து பேரும் சேர்ந்துவிட்டால், திண்ணையிலிருந்து "கண்ணு, தண்ணி கொண்டா" என்ற சத்தம் வரும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

போன வாரம் கோயமுத்தூர் ஆபீசில் புதுத் தம்பி ஒருவன், "ஏனுங்ணா, சும்மா ஒரு சரத்தை பிரிண்ட் பண்ணுனா ஹாஸ்கெல் 'ஆம்பிகுவஸ் டைப்'னு திட்டுதுங்ணா" என்று வந்தான். ஹாஸ்கெல் ஒரு நிரல்மொழி; சரம் என்றால் மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத் தொடர்; அது எந்த வகை என்று தெளிவில்லை என்பதுதான் அந்தத் திட்டு. கோப்பில் ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் என்ற கூடுதல் வசதியைப் போட்டிருந்தான். அதைப் போட்டால் மேற்கோளுக்குள் இருப்பது ஸ்ட்ரிங்காகவும் இருக்கலாம், டெக்ஸ்டாகவும் இருக்கலாம், வெறும் பைட்டுகளின் வரிசையான பைட்ஸ்ட்ரிங்காகவும் இருக்கலாம். டெக்ஸ்டை மட்டும் வாங்கும் ஃபங்ஷனிடம் கொடுத்தால், வீட்டில் ஒரே பேரன் இருக்கிற மாதிரி, சிக்கல் இல்லை. பிரிண்ட் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும், அதனால் எந்தக் கண்ணு என்று தெரியாது. வெறும் 5 என்றால் மூத்தவன் இன்டீஜர் (முழு எண்) எழுந்து போவான், அவனுக்கு ஒத்துவராத இடத்தில் டபுள் (தசம எண்). சரத்துக்கு அப்படி மூத்தவன் கிடையாது.

தம்பி கோப்பின் தலையில் 'டிஃபால்ட் டெக்ஸ்ட்' என்று எழுதிவிடலாமா என்றான். எழுதலாம், வேலை செய்யும். எனக்குப் பிடிக்காது. அந்த இடத்திலேயே ரெண்டு புள்ளியை ரெண்டு தடவை (::) போட்டு டெக்ஸ்ட் என்று எழுதிவிட்டால் படிக்கிறவனுக்கும் தெரியும்.

நிரலைச் சரிபார்த்துத் திட்டுகிற கம்பைலர் மேல் எனக்குக் கோபமே வராது. திட்டாமல் விட்டபோதுதான் மாட்டினேன். ஈரோட்டில் பெரியப்பாவின் மஞ்சள் மண்டிக்கு விற்பனைச் சீட்டு அடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 'விரலி' (விரல் மாதிரி நீளமான மஞ்சள்) என்ற சொல்லை பைட்ஸ்ட்ரிங் கேட்கும் ஃபங்ஷனுக்கு நேராகக் கொடுத்துவிட்டேன். வகை தெளிவு, பிழை ஏதும் இல்லை. ஆனால் பைட்ஸ்ட்ரிங் ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டு எண்ணிலும் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகாது. 'விரலி'யில் இகரக் குறிகளையும் சேர்த்துக் குறியீடு ஐந்து; எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் அதற்கு 15 பைட் வேண்டும், போய்ச் சேர்ந்தது 5. 'வ'வின் குறியீட்டு எண் 0பிபி5, அதில் பி5 மட்டும் மிச்சம்.

"ஏஞ்சாமி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது" என்றார் பெரியப்பா.

இப்போது உள்ளே எல்லாம் டெக்ஸ்ட், வெளியே எழுதும் இடத்தில் மட்டும் யுடிஎஃப்-8ஆக மாற்றுகிறேன். பெரியப்பா புதுச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வேணும் என்கிறார்.