டூப்ளிகேட் கேசட்டும் நம்ம வரலாறுதான்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பன் என் அலமாரியை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "எல்லாமே டூப்ளிகேட்டா இருக்கே மச்சான், ஒரிஜினல் ஒண்ணுகூட இல்லையா?"

இல்லை. டிவியில் செருகி விளையாடுகிற நாலு வீடியோ கேம் மெஷின், அதற்கான இரண்டு விளையாட்டுத் துப்பாக்கி, அறுபத்திச் சொச்சம் கேம் கேசட். ஒன்றில்கூட நிண்டெண்டோ என்கிற ஜப்பான் கேம் கம்பெனியின் முத்திரை கிடையாது. அன்றைக்கு அவனிடம் சரியாகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நைனா சென்னை ஹார்பரில் வேலை பார்த்தவர். போனஸ் வந்த ஒரு சாயங்காலம் என்னையும் தங்கச்சியையும் பர்மா பஜாருக்குக் கூட்டிப் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பீச் ஸ்டேஷன் எதிரே வரிசையாக இருந்த அந்தச் சின்னக் கடைகளில் ஒன்றில்தான் எங்கள் முதல் மெஷினை வாங்கினோம். கறுப்பு உடம்பு, பார்ப்பதற்குச் செகா கம்பெனியின் மெகா டிரைவ் மெஷின் மாதிரி. உள்ளே இருந்ததோ நிண்டெண்டோ ஜப்பானில் 1983-ல் விட்ட ஃபேமிகாம் என்ற கேம் மெஷினின் நகல். கடைக்காரர் அங்கேயே ஒரு சின்ன டிவியில் போட்டுக் காட்டினார். கேசட்டின் மஞ்சள் பிளாஸ்டிக்கில் "99999 இன் 1" என்று ஒட்டியிருந்தது. வாங்கிக்கொண்டு பக்கத்தில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்த அத்தோவை இங்கே சும்மா சொல்லவில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். அவர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ. ரங்கூனில் சாப்பிடுகிறதும் இங்கே சாப்பிடுகிறதும் அப்படியே ஒன்றா என்று யாரும் ஆராய்ச்சி பண்ணுவதில்லை. வட சென்னைக்காரனுக்கு அது அவன் ஊர்ச் சாப்பாடு, அவ்வளவுதான். அதே ரோட்டில் வாங்கின கேசட்டை மட்டும் ஏன் டூப்ளிகேட் என்று ஒதுக்கணும்?

"டூப்ளிகேட்" என்ற வார்த்தை எங்கே பொய்யாகிறது என்று சொல்கிறேன். அக்கா பையன் நிண்டெண்டோவே செய்த ஸ்விட்ச் என்ற கேம் மெஷின் வைத்திருக்கிறான். சின்ன வயதில் நான் நகல் மெஷினில் விளையாடிய, 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு அதில் இருக்கிறது. முதல் தடவை அதை விளையாடியபோது மரியோ என் கையில் நிற்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடிய பள்ளத்தில் விழுந்தேன். பாட்டும் அவசரமாக ஓடியது. எனக்கு வயசாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஜப்பான், அமெரிக்க டிவிகளில் படம் நொடிக்கு 60 தடவை மாறும். நம்ம ஊர் டிவியில் 50 தடவை. அந்தக் கால விளையாட்டுகள் படம் மாறுகிற கணக்கை வைத்தே ஓடும். மரியோவின் ஓட்டம், குதி, பாட்டின் தாளம் எல்லாமே அந்தக் கணக்குத்தான். ஐரோப்பாவுக்காக நிண்டெண்டோ வேகத்தைத் திருத்தித் தனியாக ஒரு பதிப்பு போட்டது. நமக்கு வந்த நகலில் அந்தத் திருத்தமெல்லாம் இல்லை. அதனால் நம்ம மரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடினான்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் பர்மா பஜார் மெஷினில் விளையாடிய அத்தனை பிள்ளைகளின் விரலிலும் பதிந்திருப்பது அந்த வேகம்தான். சத்தமும் அப்படியே. அந்த நகல் சிப்புகள் பலவற்றில் இரண்டு வகை ஒலிகள் இடம் மாறி இருக்கும். மெட்டு அதுதான், குரல் வேறு. இன்றைக்கு இன்டர்நெட்டில் இறக்குகிற ஒரிஜினலில் நான் கேட்டு வளர்ந்த குரல் கிடைக்காது. அது இந்த மெஷினுக்குள்தான் இருக்கிறது. இது செத்துப்போனால் அந்தக் குரலும் போய்விடும். நான் சேர்த்துவைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கான்ட்ரா, ஓடிக்கொண்டே சுடுகிற விளையாட்டு. ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடுகிற பெரிய மெஷினில், 1987-ல் வந்தது. டிவி மெஷினுக்கு அடுத்த வருஷம் வந்தது. கோனாமி கம்பெனியுடையது. மேலே மேலே கீழே கீழே என்று ஆரம்பிக்கிற ரகசியப் பட்டன் வரிசையை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்பதை வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரிய புதையல் மாதிரி சொல்வார்கள். எங்கள் கேசட்டில் மெனுவிலேயே 30 உயிர் இருந்தது. அதனால் எங்களுக்குச் சவால் வேறு. மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். மேலே மேலே ஏறிப் போகணும். முன்னால் போகிறவன் அவசரப்பட்டால் திரை மேலே நகர்ந்து, கீழே நிற்கிறவன் செத்துப்போவான். தங்கச்சியோடு விளையாடும்போது நான் ஒவ்வொரு பாறையிலும் நிற்பேன். "ஏறிட்டியா?" என்று கேட்பேன். அவள் "ம்" என்றால்தான் அடுத்த பாறைக்கு ஏறுவேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பொங்கலுக்கு வந்தபோது அந்த அருவியில் ஏறினோம். நான் ஒரு பாறையில் அப்படியே நின்றேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே "ஏறிட்டேண்ணா" என்றாள்.

அப்புறம் பேட்டில் சிட்டி. 1985, நம்கோ. எங்களுக்கு அது "டேங்க் கேம்". கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு, அதைக் காப்பாற்றணும். ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க். கூட விளையாடுகிறவன் மேல் தெரியாமல் சுட்டுவிட்டால் அவன் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பான். எத்தனை சண்டை அதனால்! நாமே மைதானம் கட்டிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. தெருப் பையன்கள் இன்றைக்கும் முதலில் கேட்பது அதைத்தான். போன மாதம் ஒரு பையன் நடுவில் ஒரு கோடு போல் தண்ணீர் ஓடவிட்டு, "இது பக்கிங்காம் கால்வாய்ண்ணா" என்றான்.

பிளேஸ்டேஷன் 2 பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அது உலகம் முழுக்க இருக்கிறது. அதை வைத்துக் காப்பாற்ற நிறையப் பேர் இருக்கிறார்கள்.

துப்பாக்கி பற்றிச் சொல்லியே ஆகணும். டக் ஹன்ட், வாத்து சுடுகிற விளையாட்டு, 1984. துப்பாக்கி எதையும் டிவிக்கு அனுப்புவதில்லை, டிவியைப் பார்க்கத்தான் செய்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் வாயில் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய டியூப் டிவியில் படம் வரையப்படுகிற அதே கணத்தில் வெளிச்சம் வந்துவிடும். எல்.இ.டி. டிவியில் கொஞ்சம் தாமதமாகும். அதனால் வாத்துக்கு நேராக வைத்துச் சுட்டாலும் விழாது. ஆகவே டியூப் டிவி இல்லாமல் இந்தத் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக்தான். என்னிடம் இருப்பது 2006-ல் ஆரம்பித்த திட்டத்தில் அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. எதிர் வீட்டு ஆயா அதைக் காயலான் கடைக்குப் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த ஊரில் எத்தனை டிவி இப்படி எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பராமரிப்புதான் பெரிய வேலை. வட சென்னையில் கடல் காற்றுக்குத் தப்பியது எதுவும் கிடையாது, கேசட்டும் தப்பாது. கேசட்டின் வாயில் 60 செம்புப் பற்கள் இருக்கும், பக்கத்துக்கு முப்பது. வருஷம் ஒரு தடவை பார்க்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். நான் திருகைக் கழற்றி, பலகையை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்ப்பேன். ரப்பர் துகள் கறுப்பாக வரும். அது நிற்கிற வரைக்கும் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். பல் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று மஞ்சளாகத் திரும்பும். சின்ன வயதில் எல்லோரும் வாயால் ஊதுவோமே, அது தப்பு. எச்சில் ஈரம்தான் களிம்பைக் கூட்டும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது.

உள்ளே ஒரிஜினலில் இருக்கிற மாதிரி கால் முளைத்த சிப் இருக்காது. தார்ச் சொட்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். செலவைக் குறைக்கச் சிப்பை நேராகப் பலகையில் ஒட்டி மேலே பிசினை ஊற்றியிருப்பார்கள். கெட்டுப்போனால் மாற்ற முடியாது, அங்கேயே முடிந்தது. இதற்காகவே சேகரிப்பவர்கள் இதை மட்டம் என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த பதினெட்டு கேசட் இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் நிழலில் ஒரு வாரம் காயவைத்து, ரப்பர் போட்டுத் தேய்த்துச் செருகினேன். பதினாறு ஓடியது. அந்தக் கறுப்புப் பொட்டுத்தான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அந்த வாரத்திலிருந்து அதை மட்டம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்த விளையாட்டுகளைச் செய்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த காசில் ஒரு பைசா போகவில்லை. அதைவிட மோசம், பல கேசட்டில் முதல் திரையிலிருந்து கம்பெனிப் பெயரையே அழித்துவிட்டார்கள். மரியோவை உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ என்பது எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும். 99999 என்று போட்டதும் பொய். உள்ளே உண்மையில் சில விளையாட்டுகள்தான் இருக்கும். அதையே வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்து, வேறு பெயர் வைத்து, திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள்.

அதனால் ஒரு பழைய லெட்ஜர் நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கேசட்டையும் முழுக்க ஓட்டிப் பார்த்து, மெனுவில் என்ன பெயர் இருக்கிறது, உண்மையில் அது எந்த விளையாட்டு, யார் செய்தது, எந்த வருஷம் என்று எழுதுகிறேன். கடைசிப் பத்தி மட்டும் எனக்குச் சொந்தம். அதில் நம்ம தெருவில் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று எழுதுவேன். இதுவரை நாற்பத்தொரு கேசட் முடிந்திருக்கிறது. செய்தவன் பெயரும் வேண்டும், விளையாடியவன் பெயரும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்தால் கணக்கு சரியாகாது.

அதனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இருக்கிற நண்பர்களே, பரணில் பழைய கேசட்டோ மெஷினோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். உடைந்ததும் பரவாயில்லை, லேபிள் கிழிந்ததும் பரவாயில்லை. கொடுக்க மனசில்லையென்றால் ஒரு நாள் மட்டும் கொடுங்கள், துடைத்து, நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பித் தருகிறேன். உங்கள் தெருவில் அந்த விளையாட்டுக்கு என்ன பெயர் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

நைனா வாங்கித் தந்த அந்த மஞ்சள் கேசட் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. பின்பக்கம் தங்கச்சி பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறியிருப்பாள், ஒரு "ச". யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.