கொன்றை ஏமாந்த மழை

இலக்கியத்தில் மழை என்றாலே சோகம்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரேயடியாகச் சொல்லிவிட்டது. சங்கப் பாடல்களில் காட்டையும் தலைவனுக்காகக் காத்திருப்பதையும் பாடும் முல்லைத் திணையில் அப்படியில்லையே. அங்கே கார்காலம், அதாவது ஆவணியும் புரட்டாசியும், திரும்பி வருவதாகத் தலைவன் சொல்லிப் போன கெடு. குறுந்தொகை 66-ஐப் பாருங்கள். மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தோழி அசரவில்லை. இது காரே இல்லை, வெறும் 'வம்ப மாரி', அதாவது பருவம் தவறிப் பெய்த மழை, அதை நம்பிப் பூத்த கொன்றைதான் மடத்தனமானது என்கிறாள்! தலைவியைத் தேற்ற அவள் சொல்லும் அழகான பொய் அது. 21-ஆம் பாட்டில் தலைவி ஒரு படி மேலே போகிறாள். காடே 'இது கார்' என்றாலும் நம்பமாட்டாளாம், அவர் பொய் சொல்லமாட்டாராம். எங்கள் தெருக் கொன்றை என்னவோ சித்திரையிலேயே பூத்துக் கொட்டுகிறது, அது வேறு கதை.