ஆச்சியை எண்ணிக்கையால் அளக்காதீர்கள்

மனோரமா ஆச்சியைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று வரி கட்டாயம் வந்துவிடுகிறது. ஆயிரம் படம் தாண்டியதற்காகக் கின்னஸ். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். பெண் சிவாஜி. மே 26-க்குப் பிறந்தநாள் பதிவு, அக்டோபர் 10-க்கு நினைவுநாள் பதிவு, இரண்டிலும் இதே மூன்று வரி. மூன்றும் பொய்யில்லை. ஆனால் அந்தம்மா செய்த வேலை என்ன, அதை எப்படிச் செய்தார் என்பது இந்த மூன்றில் எதிலும் இல்லை. அதுவும் நம்ம காரைக்குடிப் பக்கத்து ஆட்களே இப்படி எழுதும்போது மனசு கேட்கவில்லை. அவருடைய தொழில் முளைத்தது நம் ஊரில். அதைப் பேச வேண்டியவர்கள் நாம்தான்.

பிறந்தது மன்னார்குடி, 1937. பெயர் கோபிசாந்தா. வளர்ந்தது பள்ளத்தூர், கோட்டையூரைத் தாண்டி கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். அப்பா கைவிட்ட பிறகு கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவர் அவர் அம்மா. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. வீட்டு வேலைக்குப் போனார். இந்தக் கதையை எல்லாரும் கண்ணீர்க் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: காது. செட்டிநாட்டு வீட்டில் வேலை செய்கிற ஒரு சிறுமி ஒரே நாளில் எத்தனை தமிழ் கேட்பாள் என்று எண்ணிப் பாருங்கள். முகப்பில் கணக்குப் பேசுகிற ஆண்களின் தமிழ் ஒன்று. வளவுக்குள், அதாவது வீட்டின் உட்பகுதியில், ஆச்சிமார் பேசுவது வேறு. பர்மா, மலேயா போய் வந்தவர்கள் வாயில் வருவது இன்னொன்று. சமையற்கட்டில், கிணற்றடியில், தெருவில் பேசுவது முற்றிலும் வேறு. ‘வாராக, போறாக, அவுக சொன்னாக’ என்று ஒரு பக்கம், சுருக்கென்று வெட்டிப் பேசுகிற பேச்சு இன்னொரு பக்கம். வேலைக்காரப் பிள்ளைக்கு இதைக் கவனித்தே ஆகவேண்டும். யார் எந்தக் குரலில் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாவிட்டால் திட்டு விழும். பிற்காலத்தில் மெட்ராஸ் பாஷை, கொங்குத் தமிழ், அக்கிரகாரத்துப் பேச்சு எல்லாம் அவரிடம் தனித்தனியாக ஒட்டாமல் நின்றதற்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

சினிமா அவருக்கு நேர்வழியாக வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏவி.எம். ஸ்டூடியோ அப்போது காரைக்குடியில்தான், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கேதான் தயாரானது. ஆனால் 1948-இல் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. கோபிசாந்தாவுக்கு அப்போது 11 வயது. மிச்சமிருந்த ஒரே பள்ளிக்கூடம் நாடக மேடை.

பள்ளத்தூருக்கு வந்த ஒரு குழு ‘அந்தமான் காதலி’ போட்டபோது, வரவேண்டிய ஆள் வராததால் பாடத் தெரிந்த இந்தப் பெண்ணை மேடையேற்றினார்கள். இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் மனோரமா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததில் ஆர்மோனியக்காரருக்குப் பங்கு இருந்தது தற்செயல் இல்லை. அந்தக் காலத்து மேடையில் நடிகையின் குரலுக்கு முதல் வாத்தியார் பெட்டிக்காரர்தான். பெண் குரலுக்கு ஐந்து கட்டை சுருதி வைத்து, அதில் நின்று பாடவும், பாட்டு முடிந்த அதே மூச்சில் வசனத்துக்கு இறங்கவும் அவர் பழக்கவேண்டும். இதில் தப்பு எங்கே நடக்கும் என்றால், பாட்டை மேலே முடித்துவிட்டு வசனத்தையும் அதே உயரத்தில் தொடங்கிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும், வசனம் கீச்சென்று ஒலிக்கும். கற்றவர்கள் வசனத்தை இரண்டு மூன்று சுரம் கீழே எடுப்பார்கள். உணர்ச்சி ஏறும்போதுதான் மேலே போவார்கள். மனோரமாவின் எந்தப் படத்தை எடுத்தாலும் இந்த இறக்கம் காதில் விழும். சண்டைக் காட்சியைக்கூடத் தாழ்ந்த குரலில் தொடங்கி மூன்றாவது வரியில்தான் உயர்த்துவார்.

பிறகு வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம், ‘மணிமகுடம்’. ஸ்பெஷல் நாடக மேடைக்கும் திராவிட இயக்க மேடைக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும், ஒத்திகை கிடையாது, நாயகனாகிய ராஜபார்ட்டும் நாயகியாகிய ஸ்திரீபார்ட்டும் மேடையில்தான் சந்திப்பார்கள், பபூனும் டான்ஸ் பெண்ணும் வாய்க்கு வாய் கொடுத்து இட்டுக்கட்டிப் பேசுவார்கள். திராவிட இயக்க நாடகமோ எழுதிய வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்லவேண்டியது. அடுக்குமொழியில் ஒரு வாக்கியம் அரை நிமிடம் ஓடும். நடுவில் மூச்சு எடுத்தால் எதுகை செத்துப்போகும். எனவே மூச்சை எங்கே எடுப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள், அதுவும் மூக்கால், தோள் உயராமல். தோள் உயர்ந்தால் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிந்துவிடும். இட்டுக்கட்டுகிற மேடையின் சுறுசுறுப்பும், எழுதிய வசன மேடையின் ஒழுங்கும் ஒரே உடம்பில் சேர்ந்தது மனோரமாவுக்கு வாய்த்த பெரிய கொடை. ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் சினிமாவுக்குப் போய்த் திரும்பினார்கள்.

1958-இல் ‘மாலையிட்ட மங்கை’. தயாரித்தவர் கண்ணதாசன், அவரும் நம் சிறுகூடல்பட்டிக்காரர். கதாநாயகியாக நினைத்துப் போனவருக்குக் கிடைத்தது நகைச்சுவைப் பாத்திரம். கதாநாயகி என்றால் சில ஆண்டு, நகைச்சுவை என்றால் நெடுங்காலம் என்று கவிஞர் சமாதானம் சொன்னதை மனோரமாவே பல பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். அது நிலைக்கவில்லை; நிலைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

மேடையிலிருந்து வந்தவர்களைப் படக்காரர்கள் விரும்பியதற்குக் கணக்கே காரணம். 35 மி.மீ. படச்சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்), ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிட வசனக் காட்சியை நான்கு தடவை எடுத்தால் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று தீர்ந்து மேலும் 80 அடி வேண்டும். முதல் டேக்கிலேயே ஓகே வாங்குகிறவர் தயாரிப்பாளருக்குப் பணம் மிச்சம் செய்கிறார். இத்தனை படம் அவரைத் தேடி வந்ததில் இதற்கும் பங்குண்டு. எண்ணிக்கையை விளக்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

மேடைக்காரர்களிடம் ஒரு குறையும் இருக்கும்: கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரியே கத்துவார்கள், புருவத்தை ஏற்றுவார்கள். மனோரமாவின் தொடக்கப் படங்களில் அது கொஞ்சம் இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வரும்போது அந்தக் குறையையே அவர் பாத்திரமாக்கிவிட்டார். ஜில் ஜில் ரமாமணி மேடை போட்டுப் பிழைக்கிற பெண். அவள் வீட்டுக்குள்ளும் மேடைக் குரலில்தான் பேசுவாள், நெடிலை இழுப்பாள், மூக்கில் கொஞ்சம் வைத்துக்கொள்வாள். நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் அந்தச் சத்தம் நீங்கள் வாசிக்கிற நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று கேட்கிற இடத்தைப் பாருங்கள். குரல் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. இழுப்பு குறைகிறது. கேள்வி வெகுளித்தனமானது, ஆனால் கேட்கிறவள் ஒரு கலைஞி, எதிரே இருப்பவன் தன்னைவிடப் பெரிய கலைஞன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் சிவாஜி கணேசன் என்பதையும் மறக்கவேண்டாம். இந்தக் காட்சியை மிமிக்ரி செய்கிறவர்கள் அத்தனை பேரும் இழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அது கேலியாகிப் போகிறது.

அதே 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்தியாரே வூட்டாண்ட’. பள்ளத்தூர்ப் பெண் பாடிய மெட்ராஸ் பாட்டு. ‘ஆண்ட’வை எவரும் போட்டுவிடலாம்; ஆனால் சென்னைப் பேச்சில் சொற்கள் ஒன்றன் வாலை ஒன்று மிதிக்கும், அந்த நெருக்கம் வேண்டும். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) முனியம்மாவிடமும் அது பிசகவில்லை. 1994-இல் ‘மே மாதம்’ படத்துக்காக ‘மெட்ராஸ சுத்திப் பார்க்கப் போறேன்’ பாட்டுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வேற்று வட்டாரப் பேச்சில் நடிகர்கள் தோற்பது சொல்லில் இல்லை, நீட்டலில். கொங்குப் பேச்சு என்றால் ‘ங்க’ சேர்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். செட்டிநாட்டுப் பேச்சு என்றால் ‘ஆச்சி, அப்பச்சி’ இரண்டைத் தூவுகிறார்கள். நம் வீடுகளை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும் அழகாகத் தெரிகின்றன, வாய் திறந்தால் மதுரைத் தமிழ் வருகிறது. மனோரமாவுக்கு ஆச்சி என்ற பெயரே வானொலி நாடகத்தில் நம் பேச்சைச் சுத்தமாகப் பேசியதால் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். பிறப்பால் வந்த பட்டமில்லை, நாவால் சம்பாதித்தது.

‘சின்னக் கவுண்டர்’ (1992) பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் அவருக்கு எத்துப்பல். பொய்ப்பல் கட்டினால் முதலில் கெடுவது ‘ப’வும் ‘ம’வும், உதடு மூட இடம் இருக்காது. ‘ச’ விசிலடிக்கும். எச்சில் ஊறும். பலர் பல்லை மறைக்கத் தலையைக் குனிந்து பேசி முழு வசனத்தையும் விழுங்கிவிடுவார்கள். ஆச்சி அதில் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, மேலுதட்டை வேலை வாங்கி, பல் அந்தத் தாயின் பிறவிப் பல் என்றே நம்பவைத்தார். கொங்கு ராகம் அதற்கு மேல்.

‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) கண்ணம்மா பலருக்கும் பிடித்தது, எனக்கும். ஏவி.எம். படம், விசு இயக்கி நடித்தது. ‘கண்ணம்மா, கம்முனு கெட’ காட்சியில் அவர் செய்வது நடிப்புக்குள் நடிப்பு. வீட்டு வேலைக்காரி ஒருத்தி, வந்தவரை வழிக்குக் கொண்டுவர ஆவேசம் வந்ததுபோல நடிக்கிறாள். விசு அடக்குகிறார், அடங்குகிறாள், மறுபடி பொங்குகிறாள். ஒவ்வொரு தடவையும் அடங்குகிற நேரம் வேறு. ஒரே அளவாக இருந்திருந்தால் மூன்றாவது தடவை சலித்திருக்கும். மேடையில் சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த வரியை விடுவார்கள். முழுக்க அடங்கவிட்டால் சூடு ஆறிவிடும், முன்னாலேயே விட்டால் வரி காணாமல் போகும். படப்பிடிப்பில் சிரிக்க ஆளில்லை. அந்த இடைவெளியை அவர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்தார். பல மாதம் கழித்துத் தியேட்டரில் மக்கள் சரியாக அந்த இடைவெளிக்குள் சிரித்தார்கள்.

‘நடிகன்’ (1990) பேபியம்மாவை இன்னும் மேலே வைப்பேன். வயது கடந்த பெண்ணின் காதல் ஆசையைக் கேலிக்கு உரியதாக்காமல் சிரிக்கவைப்பது எவ்வளவு கடினம்! ‘இந்தியன்’ (1996) படத்தில் இழப்பீட்டுக்காக அலுவலகம் அலைகிற பெண்ணாக வருவது கொஞ்ச நேரம்தான், படத்தின் கோபமே அங்கிருந்துதான் நமக்கு ஏறுகிறது.

தேசிய விருது அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை, ‘புதிய பாதை’க்காக, 1989-ஆம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகை. முதல் தமிழ்ப் படம் வந்து 31 ஆண்டு கழித்து. 2002-இல் பத்மஸ்ரீ. நகைச்சுவை நடிப்புக்குத் தேசிய விருதில் தனிப் பிரிவு கிடையாது. அழவைத்தால்தான் நடிப்பு என்று எண்ணுகிற நடுவர்கள் மாறாதவரை ஜில் ஜில் ரமாமணிகளுக்கு இதுதான் கதி. இது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டுவிழா நாடகம் போடுகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஆச்சி வேடம் கட்டி, கண்டாங்கிச் சேலை சுற்றி, ‘கம்முனு கெட’ சொல்லவைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு மூன்று நிமிடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படத்தை மூடிவைத்துச் சத்தத்தை மட்டும் கேட்கவிடுங்கள், குரல் எங்கே இறங்குகிறது என்று பென்சிலால் வசனத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்க்கவிடுங்கள். பேசாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு மூச்சு எடுக்கும் இடங்கள். இந்த மூன்றும் குறித்த பிறகு, அதே வசனத்தைப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில், தன் அப்பத்தா பேசுகிற மாதிரி மாற்றிச் சொல்லட்டும். ஆச்சியின் குரலில் சொல்ல முயன்றால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். கையில் பிடிக்கிற மைக்கை வாங்கி வைத்துவிட்டுப் பயிற்சி கொடுங்கள். மைக் பிடித்த கை அசையாது, கண்ணும் அதிலேயே நிற்கும். ஒரு வாரம், நாளைக்கு அரை மணி நேரம் போதும்.