புசானில் நின்றது அக்டோபர் உத்தரவு மட்டும்தான்

தென் கொரியாவின் புசானில் நடந்த டிரம்ப் – ஷி ஜின்பிங் சந்திப்போடு, காந்தம், மோட்டார் போன்றவற்றுக்குத் தேவையான அருமண் தனிமங்களின் (rare earths) ஏற்றுமதிக்குச் சீனா விதித்த கட்டுப்பாட்டால் வந்த சிக்கல் தீர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது அவசர முடிவு. 2025 அக்டோபர் 30 சந்திப்புக்குப் பின் சீனா ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது, அந்தக் கட்டுப்பாட்டை மேலும் விரிவாக்கிய அக்டோபர் 9 அறிவிப்புகளைத்தான். ஏப்ரல் 4 அன்று சமாரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீடியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கொண்டுவந்த உரிம முறையை அது ரத்து செய்யவில்லை.

ஏற்றுமதி செய்யும் நிறுவனம் சீன வணிக அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசியில் யார் பயன்படுத்துகிறார், எதற்காக என்று வாங்குபவர் எழுதித் தர வேண்டும். பரிசீலனைக்கு 45 வேலை நாட்கள் வரை ஆகலாம். தொழிற்சாலைக் கிடங்கில் அவ்வளவு நாளைக்கு இருப்பு இருக்காது என்பதுதான் ஆபத்து. 2025 மே மாதம் ஃபோர்டு தன் சிகாகோ ஆலையை ஒரு வாரம் மூடியது இந்தத் தட்டுப்பாட்டால்தான்.

இன்னொன்று. நியோடிமியம் அந்த ஏழில் இல்லவே இல்லை. ஆனாலும் நியோடிமியம் காந்தம் மாட்டிக்கொண்டது. மோட்டார் சூடேறும்போது காந்தம் வலுவிழக்காமல் இருக்க டிஸ்புரோசியமோ டெர்பியமோ சிறிதளவு சேர்ப்பார்கள். அந்தச் சிறிதளவுதான் பெய்ஜிங்கின் பிடி. சுரங்கம் கலிபோர்னியாவிலும் உண்டு. டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கன வகை அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலைதான் மேற்கில் அரிது. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் மலேசியாவில் டிஸ்புரோசியம் ஆக்சைடு எடுக்கத் தொடங்கியதே 2025 மே மாதத்தில்தான்.

அமெரிக்க – சீன இறக்குமதி வரி விகிதத்தைவிட, ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக விண்ணப்பிக்காமல் நீண்டகாலத்துக்குச் செல்லும் பொது உரிமம் எத்தனை நிறுவனங்களுக்குக் கிடைக்கிறது என்பதைக் கட்டுரையாளர் அடுத்த முறை அலசினால் நல்லது.