முளைக்குமா, முளைக்காதா?

(கொடைக்கானல், ஏழு ரோடு பக்கம் ஒரு டீக்கடை. மே மாதம். மதியம் 3 மணிக்கே மேகம் தெருவுக்குள் இறங்கிவிட்டது. புஷ்பம் அக்கா பஜ்ஜி மாவு கலக்கிக்கொண்டிருக்கிறார். டாக்சி ஓட்டும் செல்வம் துண்டுக்குள் எதையோ பொத்திக்கொண்டு வருகிறார்.)

புஷ்பம்: என்ன தம்பி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி வருகிறாய்?

செல்வம்: மெதுவாகப் பேசுங்கள் அக்கா. இரண்டு டப்பாவில் இரண்டு பல்லி இருக்கிறது.

புஷ்பம்: என் கடையில் ஏற்கெனவே நாலு இருக்கிறது. நான் சத்தமாகத்தான் பேசுகிறேன்.

செல்வம்: இது காசு கொடுத்து வாங்கியது. மதுரையில் என் அக்கா மகன் வளர்க்கிறான். 28 டிகிரிக்கு மேல் போனால் இதுகளுக்கு ஆகாதாம். அங்கே வெயில் 40ஐத் தொடுகிறது, வீட்டில் ஏசி ரிப்பேர். ஒரு வாரம் மலையில் வைத்துக்கொள் மாமா என்று கொடுத்துவிட்டான்.

புஷ்பம்: உன் அக்கா?

செல்வம்: அவள் மதுரையில்தான் இருக்கிறாள்.

புஷ்பம்: பல்லிக்குக் கொடைக்கானல், பெற்றவளுக்கு விசிறி. சரி, அதற்கு ஏன் உன் முகம் இப்படி இருக்கிறது?

(செல்வம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறார். உள்ளே ஒரு வால்.)

செல்வம்: டம்டம் பாறை தாண்டி ஒரு வளைவில் எதிரே வேன் வந்தது. ஓங்கிப் பிரேக் அடித்தேன். இரண்டு டப்பாவும் உருண்டு மூடி திறந்தது, ஒரு பல்லி வாலைப் போட்டுவிட்டது. வால் தனியாக சீட்டின் மேல் கிடந்து துடிக்கிறது அக்கா! பின்னால் இருந்த பார்ட்டி பெருமாள்மலையில் இறங்கி பஸ் ஏறிவிட்டார்கள்.

புஷ்பம்: பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். வால் மட்டும் விழுந்தால் என்ன பலனோ. போகட்டும், பல்லி வால் முளைக்கும்.

செல்வம்: அங்கேதான் சிக்கல். ஒன்று கிரெஸ்டட் கெக்கோ, இன்னொன்று கார்காயில் கெக்கோ. இரண்டுக்குமே ஊர் நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கிற தீவு. கார்காயிலுக்கு வால் திரும்ப முளைக்கும். கிரெஸ்டட்டுக்குப் போனால் போனதுதான்.

புஷ்பம்: இப்போது போனது எதற்கு?

செல்வம்: அது தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? மூடியில் பேர் எழுதி ஒட்டியிருந்தான். பதற்றத்தில் மூடியை மாற்றிப் போட்டேனோ என்னவோ. அப்புறம் ஈரக்கையால் தொட்டு மையும் கலைந்துவிட்டது.

புஷ்பம்: காஞ்சிபுரத்துக்காரர்கள் விவரமானவர்கள். ஒரு பல்லி தங்கம், ஒரு பல்லி வெள்ளி. குழப்பமே இல்லை. பையனிடம் போன் போட்டுக் கேளேன்.

செல்வம்: கேட்டால், ஏன் கேட்கிறாய் மாமா என்பான்.

(புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டுகிறார்.)

புஷ்பம்: இப்படிக் காட்டு. நிறம் இரண்டும் காய்ந்த வாழைச்சருகு.

செல்வம்: நிறத்தை நம்பக் கூடாதாம். ராத்திரியானால் அழுத்தமாகிவிடும்.

புஷ்பம்: ஐயோ, இது நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்குகிறது!

செல்வம்: அப்படியா! இதுதான் அடையாளம்!

புஷ்பம்: அதுவும் நக்குகிறது.

செல்வம்: இரண்டுக்கும் மூடித் திறக்கிற இமை கிடையாது. நக்கித்தான் துடைக்க வேண்டும். போச்சு.

புஷ்பம்: பொறு. இமை இல்லை என்கிறாய், இதற்குக் கண்ணுக்கு மேலே வரிசையாக முள் முள்ளாக நிற்கிறதே? சீரியல் வில்லி ஒட்டு இமை வைத்துக்கொண்ட மாதிரி. அந்த முள்வரிசை அப்படியே கழுத்து தாண்டி முதுகுப் பக்கம் போகிறது. மற்றதற்கு முள் இல்லை. தலையில் இரண்டு பக்கமும் புடைப்பு, கன்றுக்குட்டிக்குக் கொம்பு முட்டிக்கொண்டு வருமே, அது போல.

செல்வம்: கொம்பா? அக்கா, கார்காயில் என்றால் வெளிநாட்டு சர்ச் கூரையில் மழைத்தண்ணீர் கொட்டுகிற பூதத் தலையாம்.

புஷ்பம்: நம் கோயில் கோமுகி மாதிரி என்று சொல்லேன். அப்படியானால் கொம்பு வைத்தது கார்காயில், இமை வைத்தது கிரெஸ்டட். இதற்கு ஒரு மதியமா?

செல்வம்: வால் இல்லாதது?

புஷ்பம்: இமைக்காரி.

(செல்வம் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்.)

செல்வம்: முடிந்தது. சாதாரணப் பல்லி இல்லை அக்கா அது. 1866இல் பேர் வைத்தார்களாம். அப்புறம் ஆளைக் காணோம், பூண்டோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள். 1994இல்தான் மறுபடி கண்ணில் பட்டதாம்.

புஷ்பம்: 128 வருஷம் புயலுக்கும் மழைக்கும் தப்பி ஒளிந்திருந்தது. உன் வண்டியில் ஏறி மூன்று மணி நேரத்தில் வால் போய்விட்டது.

செல்வம்: காட்டில் வளர்ந்ததுகளில் பெரும்பாலும் வால் இல்லாமல்தான் திரியுமாம்.

புஷ்பம்: அப்புறம் என்ன? மாமா அதைக் காட்டு முறைப்படி வளர்த்தேன் என்று சொல்.

(செல்வத்தின் பார்வை மெல்லச் சுவருக்குப் போகிறது. டியூப்லைட் ஓரத்தில் ஒரு பல்லி.)

செல்வம்: அக்கா, அந்த வால் கொஞ்சம் இதே பருமன்தான்...

புஷ்பம்: கையை எடு! பல்லி ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் இங்கேதான் டீ குடிப்பார்கள். இந்த மலைகளில் இருக்கிற ஒரு வகையை ரொம்ப நாள் ஒரே இனம் என்று நினைத்திருந்தார்களாம். 2019இல் பார்த்தால் அதில் ஆறு புது இனம். கொடைக்கானலில் இருக்கிறதற்குப் பேர் என்ன தெரியுமா? தொல்பல்லி. அறிவியல் பேரே தமிழ்தான்.

செல்வம்: எப்படிப் பிரித்தார்கள்? அதற்கும் இமையா?

புஷ்பம்: ஆண் பல்லியைத் திருப்பிப் போட்டு, தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கிற துளைகளை எண்ண வேண்டுமாம். அதோடு செதிலையும்.

செல்வம்: அப்படியானால் இந்தச் சுவரில் இருக்கிறது தொல்பல்லியா?

புஷ்பம்: நான் திருப்பிப் பார்க்கவில்லை. அதுவோ, சாதா வீட்டுப் பல்லியோ, எதற்கு வம்பு என்று அன்றிலிருந்து அந்த நாலின் மேலும் விளக்குமாற்றை ஓங்குவதில்லை. ஒன்று மட்டும் தெரியும், பொய் சொன்னால் இதுகள் உச்சுக் கொட்டாது.

(போன் அடிக்கிறது. செல்வம் தொண்டையைச் செருமுகிறார்.)

செல்வம்: மாப்பிள்ளை! வந்து சேர்ந்தாச்சு. இரண்டும் நீ கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது.

(கடையில் அமைதி. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்.)

புஷ்பம் (சுவரைப் பார்த்து): ஒன்றும் வரவில்லையே தம்பி.

செல்வம்: ...அதாவது மாப்பிள்ளை, ஒன்றுக்கு மட்டும் நீளம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

(சுவரிலிருந்து: த்சு, த்சு, த்சு.)