மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா?

மெல்லிய, பரட்டை முடியுள்ள பெண் பிள்ளைகளுக்கு ஒருமுறை மொட்டை போட்டால் அப்புறம் அடர்த்தியாக, நேராக வளரும் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையில்லை.

தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது வேறு விஷயம். ஆனால் முடியின் தடிமனையும் சுருளையும் முடிவு செய்வது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பை. கத்தி அங்கே போகாது. மழித்த நுனி மழுங்கலாக இருப்பதால் தொட்டால் சொரசொரவென்று தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ந்து பழைய முடியேதான் திரும்ப வரும். குழந்தைகளுக்கு அடர்த்தியாக வருகிறதே என்பார்கள். மொட்டை போடாத குழந்தைக்கும் வளர வளர அப்படித்தான்.

பரட்டையைக் கூட்டுவது நம் ஊர்ப் புழுக்கம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி முடி உப்புகிறது. சலூனில் நுனியை ஒரே மட்டமாக வெட்டச் சொல்லுங்கள், முடி நிறைவாகத் தெரியும். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் முதலில் நுனியில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே என்று, கீழ்நோக்கி வாரிச் சிக்கெடுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையில் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் குளிக்கும் முன் கொஞ்சம் போதும். குளித்தபின் பூசினால் மெல்லிய முடி தலையோடு ஒட்டிக்கொள்ளும்.