ஐந்தரைக் கட்டை

(கடலூர், திருப்பாதிரிப்புலியூர். செல்வத்தின் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ரங்கநாயகி மஞ்சள் பையில் இரண்டு போன்களோடு படியேறுகிறார்.)

செல்வம்: வாருங்கள் டீச்சர். இந்த வெயிலில் ஏன் வந்தீர்கள்? சொல்லியிருந்தால் நானே வீட்டுக்கு வந்திருப்பேனே.

டீச்சர்: போன வாரமும் இதையேதான் சொன்னாய். புதுப் போனில் என் சுருதிப்பெட்டி எங்கே?

செல்வம்: தேடிவிட்டேன் டீச்சர். அந்தச் சுருதிச் செயலியை, செயலிகள் விற்கும் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

டீச்சர்: எடுத்தால் எடுக்கட்டும். நான் ஆறு வருடத்துக்கு முன்பே 350 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். பாத்திரக்கடையை மூடினால், என் வீட்டுக் குடத்தையுமா தூக்கிக்கொண்டு போவார்கள்?

செல்வம்: நீங்கள் வாங்கவில்லை டீச்சர். பயன்படுத்திக்கொள்ள உரிமம் மட்டும் பெற்றிருக்கிறீர்கள்.

டீச்சர்: பொத்தானில் 'வாங்கு' என்றுதான் போட்டிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அழுத்தினேன்.

செல்வம்: நிபந்தனைகளைப் படித்தீர்களா?

டீச்சர்: உன் விடைத்தாளையே கடைசி வரி வரை படித்தவள் நான். என்னாலேயே அதை முடிக்க முடியவில்லை.

செல்வம்: கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது.

டீச்சர்: அதாவது, அங்கே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கடலூர்க்காரியிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.

செல்வம்: பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும்.

டீச்சர்: ஆறு வருடத்தில் எத்தனை 48 மணி நேரம்?

செல்வம்: ஆயிரத்துச் சொச்சம், டீச்சர்.

டீச்சர்: பரவாயில்லை, கணக்காவது வருகிறது. தேவனாம்பட்டினம் கோட்டை நினைவிருக்கிறதா?

செல்வம்: (தலையைச் சொறிந்து) சில்வர் பீச் பக்கம்...

டீச்சர்: பீச்சுக்குப் போனதுதான் நினைவிருக்கும். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை. பீரங்கியை வெடித்தார்கள், குண்டு எட்டிய தூரம் வரை இருந்த ஊரெல்லாம் அவர்களுக்கு. அதனால்தான் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. வாங்குவது என்றால் அது! என் 350 ரூபாய் பழைய போனிலிருந்து புதுப் போன் வரைகூட எட்டவில்லை.

செல்வம்: அந்தக் கோட்டையும் இப்போது இல்லையே டீச்சர்.

டீச்சர்: 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டு, பிடித்து, இடித்தார்கள். படையெடுத்து வந்தார்களப்பா! 'இக்கோட்டை தங்கள் பகுதியில் கிடைக்காது' என்று ஒற்றை வரி எழுதிக் காட்டிவிட்டு ஓடவில்லை.

செல்வம்: நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பேசிப் பார்க்கிறீர்களா?

டீச்சர்: யார் மேல் புகார் என்பார்கள். செயலியைச் செய்தவர் கணக்கையே மூடிவிட்டார். விற்ற கடை, 'நான் வெறும் கடைதான்' என்கிறது. மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான்.

செல்வம்: ஐயோ! பழைய போனிலிருந்து பிரதியெடுத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன் டீச்சர். திறந்ததும், காசு கொடுத்தவர்தானா என்று கடையிடம் கேட்கிறது. பதில் வரவில்லை. மூடிக்கொள்கிறது.

டீச்சர்: பழைய போனில் இருக்கிறதல்லவா?

செல்வம்: இருக்கிறது. தொடுதிரைதான் செத்துவிட்டது, படம் தெரிகிறது, தொட்டால் அசையவில்லை. (யோசித்து) கொஞ்சம் இருங்கள்.

(இழுப்பறையைக் கிளறி ஒரு கணினி மவுஸை எடுக்கிறான். சிறிய இணைப்பானைச் செருகிப் பழைய போனில் மாட்டுகிறான். திரையில் அம்புக்குறி முளைக்கிறது. இரண்டு சொடுக்கு. கடை முழுவதும் தம்பூரா நாதம்.)

டீச்சர்: (கண்ணை மூடி) சுருதியை இன்னும் கொஞ்சம் ஏற்று. ஐந்தரைக் கட்டை.

செல்வம்: கட்டையெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். ஆனால் ரீசார்ஜ் செய்ய வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்.

டீச்சர்: இதை இப்படியே கட்டிக் கொடு. மவுஸோடு.

செல்வம்: மவுஸ் 250 ரூபாய் டீச்சர்.

டீச்சர்: (பர்ஸைத் திறந்தவர் நிறுத்தி) விற்கிறாயா, உரிமம் தருகிறாயா?